புல்வாரியை இழுத்துக்கொண்டு லண்டனுக்குக் குறுக்கே

"இரும்புச் சக்கரம் இருக்கிறதே என்று அதைத் தெருவில் இழுத்துப் போகாதீர்கள். டிரெயிலரில் ஏற்றுங்கள். பற்களை மூடுங்கள். சில மைல் போனதும் நிறுத்தி, பட்டிகளை மறுபடி இறுக்குங்கள். கொழுவியில் பச்சை தெரியாமல் வண்டியை எடுக்க வேண்டாம்."

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, எசெக்ஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் டெரெக் என்பவர் என் தங்கை வதனியின் தொலைபேசிக்கு அனுப்பிய ஆங்கிலச் செய்தியின் தமிழாக்கம் இது. வெள்ளிக்கிழமை வந்ததாக வதனி சொல்கிறாள். திரையில் வியாழன் என்றுதான் இருந்தது. நான் பார்த்து எழுதி வைத்தேன்.

நான் லண்டனுக்குப் போனது புல்லோடு சம்பந்தப்படாத வேலைக்கு. வதனிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நூலக வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருக்கும் அக்காவை விட்டால் வேறு யார் போவது? தோர்ண்டன் ஹீத்தில் அவளுடைய வீட்டில் சமைப்பதும், ஊன்றுகோலோடு அவள் நடக்கும்போது பின்னால் நிற்பதும்தான் என் பொறுப்பு என்று நினைத்துப் போனேன்.

வதனி ஒரு புல்வெளிக் குழுவின் செயலாளர். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் பொதுப் புல்வெளி ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே பழைய முறையில் புல் அறுத்து உலர்த்துகிறார்கள். குதிரை பூட்டிய இயந்திரம் அறுக்கும். சில நாள் கழித்து ஒரு ஞாயிறு, உலர்ந்த புல்லைக் குதிரை பூட்டிய இன்னொரு இயந்திரம் வாரிக் கூட்டும். இந்த இரண்டாவதற்கு வதனியின் கணவர் குகன் வைத்த பெயர் புல்வாரி. ஆள் உயரத்துக்குக் கிட்டிய இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவில் ஒரு இருக்கை, இருக்கைக்குக் கீழே அரைவட்டமாக வளைந்த உருக்குப் பற்கள் வரிசையாக. அரக்கிக்குச் செய்த சீப்பு மாதிரி இருக்கும்.

போன வருடம் அதன் பற்கள் சில முறிந்ததால் டெரெக்கின் பட்டறைக்குப் போயிருந்தது. வழக்கமாக அதை ஏற்றி இறக்குகிற உறுப்பினர் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கணினி வழியாக நடந்த கூட்டத்தில் யாரோ வதனியிடம், "உங்கள் வீட்டுக்காரரிடம் வான் இருக்கிறதல்லவா? பின்னால் இழுக்கிற குண்டும் இருக்கிறது என்றீர்களே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் யெஸ், யெஸ் எண்டனான்," என்றாள் வதனி. "நாங்கள் ஓம், ஓம் எண்டு சொல்லுறேல்லையே, அது மாதிரி. கேக்குது எண்டு சொன்னனான். அவை ஓமெண்டு எழுதிப்போட்டினம்."

"உன்ரை ஓமாலை என்ரை லைசென்ஸ் போகப்போகுது," என்றார் குகன்.

அவர் பகடி விடவில்லை. குகனின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒன்பது தண்டப் புள்ளிகள் இருந்தன. பன்னிரண்டு ஆனால் அனுமதிப்பத்திரம் பறிபோகும். அவர் சொந்த வானில் பொதிகள் விநியோகிப்பவர். வான் நின்றால் வீடும் நிற்கும். அந்த ஒன்பதும் இருபது மைல் வேகத் தெருக்களில், மஞ்சள் பெட்டிக் கமராவுக்கு முன்னால், மூன்று மூன்றாகச் சேர்ந்தவை. இழுத்துச் செல்லும் பாரம் ஆபத்தான நிலையில் இருந்து பொலிஸ் பிடித்தால் இன்னும் மூன்று கிடைக்கலாம். அன்றிரவு நான் இணையத்தில் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். உறுதிப்படுத்திய பிறகு நித்திரை வரவில்லை.

எங்கள் ஊரில் வைக்கல் ஏற்றிய ட்ரக்டர் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் விளங்காது. தெருவை விட அகலமாக வைக்கல் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே இரண்டு பேர் படுத்திருப்பார்கள். பின்விளக்கு இருக்காது. எதிரே வரும் பஸ் வேலியோடு ஒதுங்கும், அவ்வளவுதான். இங்கேயோ டிரெயிலரின் பின்னால் வானின் இலக்கத்தகடு வேண்டும், விளக்குகள் வேண்டும், முக்கோணப் பிரதிபலிப்பான்கள் வேண்டும், பாரம் எந்தப் பக்கத்தாலும் யாருக்கும் ஆபத்தாக நீட்டி நிற்கக்கூடாது. வாசிக்க வாசிக்க, எங்கள் ஊரில் நாங்கள் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்ற கேள்வியும் வந்தது.

சனிக்கிழமை காலை நான் குகனோடு புறப்பட்டேன். பின்னால் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று டெரெக் சொல்லியிருந்தார். வதனியால் வானில் ஏற ஏலாது. அவள் வாசலில் ஊன்றுகோலோடு நின்று, "ரெண்டு பேரும் கொழுவாமல், வடிவாக் கொழுவிக்கொண்டு வாங்கோ," என்றாள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொழுவுவது மாட்டுவதும்தான், சண்டை பிடிப்பதும்தான். இரண்டும் அன்றைக்கு நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் குட்மேய்ஸ். அங்கே தரை ஓடுகள் விற்கும் கடை வைத்திருக்கும் சிறி அண்ணை டிரெயிலரை இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் குகனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். நாங்கள் போனபோது ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி டிரெயிலர் பூட்டின் திறப்பைத் தந்தார். டிரெயிலர் புத்தம்புதிது. விளக்குகளின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

குகன் எனக்குக் கொழுவும் முறையைக் காட்டினார். வானின் பின்னால் துருத்தி நிற்பது ஒரு இரும்புக் குண்டு. டிரெயிலரின் மூக்கில் இருப்பது கவிழ்த்த கிண்ணம் போன்ற கொழுவி. கிண்ணம் குண்டின் மேல் இறங்கிக் கவ்வினால் கைப்பிடி கீழே போகும், பக்கத்திலுள்ள சிறிய அடையாளம் பச்சை காட்டும். கவ்வாவிட்டால் சிவப்பு. இது தவிர ஒரு மெல்லிய உருக்குக் கம்பி உண்டு. டிரெயிலர் கழன்றுபோனால் அந்தக் கம்பி இழுபட்டு டிரெயிலரின் பிரேக்கைப் பிடித்துவிடும்.

பச்சை தெரிந்தது. நான் இரண்டு தரம் பார்த்தேன்.

சிறி அண்ணை தொலைபேசியில் வந்தார். "குகன், புதுச்சாமான். பூசை போடாமல் றோட்டிலை இறக்கிறது எனக்கு மனசு கேக்குதில்லை. திரும்பி வரேக்க இஞ்சை வாங்கோ. சாப்பிட்டு, பூசையும் போட்டிட்டுப் போங்கோ."

"பிந்திப்போகும் அண்ணை."

"பிந்தினாலும் சாமி பாத்துக்கொள்ளும்."

டெரெக்கின் பட்டறை சேறும் கோழிகளுமாக இருந்தது. மனிதர் மெலிந்து உயர்ந்தவர். கையில் எண்ணெய், காதுக்குப் பின்னால் பென்சில். தேநீரும் ஓட்ஸ் பிஸ்கற்றும் தந்தார். எங்களைக் கேட்காமல் தேநீருக்குள் பாலை ஊற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டார். "இவ்வளவு காலமும் இந்த இயந்திரத்துக்குச் சாரதியாக வந்தவர்களில் நீங்கள்தான் சேலை கட்டியவர்," என்றார். நான் சாரதி இல்லை, காவல் என்றேன்.

உலர்புல்லுக்கும் வைக்கலுக்கும் வித்தியாசம் கேட்டேன். "ஒன்று மாட்டின் சாப்பாடு, மற்றது மாட்டின் மெத்தை," என்றார். எங்கள் மாடு தன் மெத்தையைத்தான் சாப்பிடுகிறது என்று குகன் சொன்னதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். புல்வாரி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் கேட்டேன். முதல் உலகப் போருக்கு முந்தியது என்றார். ஆதாரம்? "அப்பா சொன்னார்." இரும்பில் வார்த்த எழுத்துகள் தேய்ந்து கிடந்தன, ஆண்டு எதுவும் தெரியவில்லை. கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டேன்.

சங்கிலிக் கப்பியால் புல்வாரியைத் தூக்கி டிரெயிலரில் இறக்கினார்கள். அது அகலமான சாமான். அப்படியே வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டும். ஆகவே நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடித்து, தடித்த நாடாப் பட்டிகளால் டிரெயிலரோடு இறுக்கிக் கட்டினார்கள். பற்களை மேலே தூக்கிக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளந்த தோட்டக் குழாயைப் போட்டு, மேலே சாக்குச் சுற்றி, அதற்கும் மேலே பலகை வைத்தார் டெரெக். "இது கழன்று விழுந்தால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனைத் தலை வாரிவிடும்," என்றார். அதற்குப் பிறகு நான் பிஸ்கற்றைத் தொடவில்லை.

கடைசியாக ஒரு சோதனை காட்டினார். டிரெயிலரின் மூக்கடியில் ஒரு சிறிய தாங்கு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றி மூக்கை மேலே தூக்கினால் வானின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பினால் கவ்வல் சரி. சுற்றினார். வான் எழும்பியது. "ஒவ்வொரு முறை கொழுவும்போதும்," என்று விரலைக் காட்டிச் சொன்னார். குகன் தலையாட்டினார்.

வீதியில் குகன் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் லொறிகள் மூச்சுவிட்டன. நான் பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழியில் விழுந்தால் புல்வாரி கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் நின்றால் இன்னும் பயமாக இருந்தது.

"மச்சாள், மூச்சு விடுங்கோ," என்றார் குகன்.

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

சொன்னபடி ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். ஒரு பட்டி உண்மையாகவே தளர்ந்திருந்தது. குகன் இறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் காரிலிருந்த பெண் தன் கணவனைக் கேட்டது காதில் விழுந்தது. "அது என்ன, கட்டிலா?" "இல்லை அன்பே, டைனோசரின் விலா எலும்பு." அவர் முழு நம்பிக்கையோடு சொன்னார்.

குட்மேய்ஸில் சிறி அண்ணையின் கடை முற்றம் ஒடுக்கமானது. வானையும் டிரெயிலரையும் சேர்த்துத் தெருவில் விட்டால் அயலவரின் வாசல் மறைந்துவிடும். ஆகவே கழற்றி, டிரெயிலரைத் தள்ளி முற்றத்துக்குள் விட்டோம். சனிக்கிழமை ஆனபடியால் மரக்கறிச் சாப்பாடு: பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, பொரித்த மோர்மிளகாய், பாயசம். நான் எழும்பி எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் ருசி தெரியவில்லை. சிறி அண்ணையின் மனைவி அதைக் கண்டுவிட்டு, "என்னக்கா, கறி சரியில்லையோ?" என்று முகம் வாடினார். இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று.

சாப்பிட்டு வெளியே வந்தால் டிரெயிலர் கலியாணக் காராக மாறியிருந்தது. சிறி அண்ணை கோயிலில் இருந்தே மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய்கள். எங்களுக்குத் தேசிக்காய், தமிழகத்தாருக்கு எலுமிச்சை. பின்பக்கம் ஒரு தடித்த மாலை இலக்கத்தகட்டையும் ஒரு விளக்கையும் முழுதாக மூடிக்கொண்டு தொங்கியது.

"அதைக் கழற்ற வேணும்," என்றேன்.

"சாமிக்குப் போட்டதக்கா," என்றார் சிறி அண்ணை.

"பொலிஸ் சாமியைக் கேக்காது, நம்பரைத்தான் கேக்கும். குகனுக்கு ஒன்பது இருக்கு."

"முருகன் இருக்கேக்க ஒன்பதென்ன, பத்தென்ன!"

"பத்துக் கிடையாது. அடுத்தது பன்னிரண்டு."

கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் மாலை கழன்று வானின் முன்கண்ணாடிக்குக் கீழே போனது. நான் வென்ற களைப்பில் நின்றேன். அதற்குள் முன்பக்கம் கொழுவும் வேலை தொடங்கிவிட்டது. சிறி அண்ணை வானின் குண்டின் தலையில் சந்தனம் தடவி, அதன் மேல் ஒரு தேசிக்காயை நிறுத்தினார்.

"குண்டுக்கும் ஒண்டு. பாரமெல்லாம் உதிலைதானே நிக்கப்போகுது. இறக்குங்கோ குகன், நசியட்டும்!"

குகன் தாங்கு சக்கரத்தைச் சுற்றினார். புல்வாரியின் பாரத்தோடு கிண்ணம் இறங்கியது. தேசிக்காய் சளக்கென்று நசிந்து இரண்டு பக்கமும் சாறு பறந்தது. சிறி அண்ணை "முருகா!" என்றார். மனைவி கற்பூரத் தட்டைக் காட்டினார். கைப்பிடி கீழே வந்தது. முழுதாக வந்ததா என்று இப்போது கேட்டால் குகனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் பச்சையைப் பார்க்கக் குனிந்தேன். அந்தச் சிறிய அடையாளத்தின் மேல் சந்தனம் அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இதிலை சிவப்பாயெல்லோ இருக்கு?"

"குங்குமம் வேறை என்ன நிறத்திலை இருக்கும் மச்சாள்?" என்றார் குகன். "பிடி கீழே வந்திட்டுது. ஏறுங்கோ, நேரம் போகுது."

டிரெயிலர் சக்கரங்களுக்குக் கீழிருந்த தேசிக்காய்களையும் நசித்துக்கொண்டு வான் புறப்பட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் கடந்த பாதையை இப்போது வரைபடத்தில் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை. அகலமான பெருந்தெரு, மூன்று வரிசை வாகனங்கள், பிறகு தேம்ஸ் நதிக்குக் கீழே போகும் சுரங்கம். சுரங்கத்துக்குள் சுவர் கையெட்டும் தூரத்தில் ஓடியது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதன் விளக்கு என் பக்கக் கண்ணாடியில் வந்து வந்து மறைந்தது. டெரெக்கின் தலைவாரும் கதை ஞாபகத்துக்கு வந்தது. வெளியே வெளிச்சம் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்றோம்.

தோர்ண்டன் ஹீத்துக்கு இரண்டு மூன்று தெரு இருக்கும்போது, இருபது மைல் வேகத் தெரு ஒன்றில், வேகத்தடை மேட்டில் வான் ஏறி இறங்கியது. டிரெயிலர் ஏறியது. இறங்கவில்லை. பின்னால் ஒரு இடி, அதைத் தொடர்ந்து இரும்பு தாரைக் கீறும் சத்தம். கண்ணாடியில் புல்வாரி திடீரெனத் தலை குனிந்ததைக் கண்டேன்.

குகன் நிறுத்தினார். நாங்கள் இறங்கி ஓடினோம். டிரெயிலரின் மூக்கு தெருவில் குத்தி நின்றது. உருக்குக் கம்பி இழுபட்டுப் பிரேக் பிடித்திருந்தது. தாங்கு சக்கரம் சற்று வளைந்துவிட்டது. பட்டிகள் இறுக்கமாகவே இருந்தன. புல்வாரி ஒரு அங்குலமும் அசையவில்லை. டிரெயிலரின் பின்விளக்குகளுக்குப் பின்னால், ஒரு கை நீட்டும் தூரத்தில், ஒரு சிவப்பு பஸ் நின்றது. அதன் சாரதி ஜன்னலால் தலையை நீட்டி, "எல்லோரும் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். "எனக்குச் சுகமில்லை," என்றார் அவர்.

குகன் கொழுவிக்கு முன்னால் குந்தி இருந்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஒரு தோலை வெளியே எடுத்தார். காசுபோலத் தட்டையாகியிருந்த தேசிக்காய். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தேன். அதற்குக் கீழேயும் சிவப்புத்தான் இருந்தது.

"சுரங்கத்துக்குள்ளை..." என்றார் குகன்.

பொலிஸ் கார் வந்தது எப்படி என்று தெரியாது. பஸ்காரர் கூப்பிட்டிருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். இறங்கியவர் நடுத்தர வயது அதிகாரி. முதலில் பஸ்ஸைப் பின்வாங்கச் சொன்னார். பிறகு டிரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் குகனின் கையைப் பார்த்தார்.

"அது எலுமிச்சையா?"

"யெஸ் சேர்."

"எங்கே இருந்தது?"

"குண்டுக்கு மேலே, சேர். கொழுவிக்குக் கீழே."

"ஏன்?"

குகன் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அது அந்த நேரத்தில் பெரிய குறையாகத் தெரிந்தது. "பாதுகாப்புக்கு," என்றார்.

அதிகாரி அவரை நீண்ட நேரம் பார்த்தார். "பாதுகாப்புக்கு," என்று தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

நான் இடையில் புகுந்தேன். பற்களுக்குக் குழாய் போட்டிருப்பதையும், சாக்கையும், பலகையையும், மரக்கட்டைகளையும், விளக்குகளையும் காட்டினேன். வழியில் இறங்கி இறுக்கினோம் என்றேன். என் ஆங்கிலம் நூலக மேசைக்குப் பின்னாலிருந்து பேசும் ஆங்கிலம். பதற்றத்தில் அது இன்னும் இலக்கணமாகிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். "கட்டிய விதத்தில் குற்றமில்லை, அம்மணி. என் பெரியப்பா விவசாயி, அவர்கூட இவ்வளவு கவனமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் கொழுவவில்லையே," என்றார்.

அவர் குகனின் அனுமதிப்பத்திரத்தை வாங்கி, கையிலிருந்த சிறிய கருவியில் தட்டினார்.

"உங்களுக்கு ஒன்பது இருக்கிறது."

"தெரியும், சேர்."

"என்ன வேலை?"

"டெலிவரி, சேர். இந்த வான்தான்."

அதிகாரி கருவியைப் பார்த்தார், டிரெயிலரைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார். இன்னும் ஏதோ தட்டினார். பிறகு, "ஐ'ல் லீவ் இட் தேர்," என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அதை அங்கே விடுகிறேன். அந்தச் சொற்களை நான் அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன். சொல்லும்போது அவருடைய பெருவிரல் திரையின் மேல் இருந்தது.

கொழுவியைத் துணியால் துடைத்தோம். வளைந்த தாங்கு சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இருவர் மூக்கைத் தூக்கக் கை கொடுத்தார்கள். கிண்ணம் குண்டில் டக்கென்று விழுந்தது. மதியம் அந்த டக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சை. டெரெக் காட்டிய சோதனையைச் செய்தோம், வான் எழும்பியது. அதிகாரி புல்வெளி வாசல் வரை எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இறக்கி முடித்த பிறகு குகன் சிறி அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து முழுவதையும் சொன்னார். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"பாத்தியளே குகன்," என்றார் சிறி அண்ணை. "தேசிக்காய் மட்டும் வைக்காட்டி என்ன நடந்திருக்கும்!"

குகன் தொலைபேசியை என்னிடம் தந்தார். நான் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிறு நல்ல வெயில். இரண்டு பெரிய குதிரைகள், பாதத்தைச் சுற்றி வெள்ளை மயிர். புல்வாரியின் இருக்கையில் தொப்பி போட்ட ஒரு பெண். அவர் காலால் மிதிக்கும்போதெல்லாம் பற்கள் எழும்பி, வாரிய புல்லை ஒரு வரம்பாக விட்டுவிட்டு மறுபடி இறங்கின. மணம் தேநீர் இலைபோல இருந்தது. வெள்ளரிக்காய் சான்ட்விச்களுக்குப் பக்கத்தில் வதனியின் மரக்கறி ரோல்ஸ் முதலில் முடிந்தது. எல்லோரும் குகனின் தோளில் தட்டினார்கள். குகன் சிரித்தார். ஆனால் கை அடிக்கடி சட்டைப்பைத் தொலைபேசிக்குப் போனது.

வீட்டில் கொழுவல் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதிகாரியின் அந்த ஒரே ஆங்கில வசனத்தைக் குகனும் வதனியும் இரண்டு விதமாகத் தமிழ்ப்படுத்தினார்கள்.

"விட்டிட்டன் எண்டால் விட்டிட்டன்," என்றார் குகன். "மன்னிச்சு விட்டிட்டார். முடிஞ்சுது."

"இஞ்சாருங்கோ, அவர் விட்டிட்டன் எண்டே சொன்னவர்? அங்கை விட்டிட்டன் எண்டெல்லோ சொன்னவர்? அங்கை எண்டால் எங்கை? அந்த மெசினுக்குள்ளை. பதிஞ்சது பதிஞ்சபடி இருக்கும் எண்டு அர்த்தம்."

"நீ கூட்டத்திலை யெஸ் எண்டு சொன்ன இங்கிலீசுதானே இது!"

நான் புல்வெளியில் மார்கரெட்டிடம் கேட்டேன். அவர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இதைவிடத் தகுந்த ஆளை நான் எங்கே தேடுவது? அவர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, "பொதுவாக, இதோடு போதும் என்ற அர்த்தம்," என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனால் எந்தத் தொனியில் சொன்னார்?" என்று கேட்டார். நான் அதிகாரியைப் போலச் சொல்லிக் காட்டினேன். "ஆ," என்றார். "விரல் எங்கே இருந்தது?" திரையில் என்றேன். மார்கரெட் மறுபடி "ஆ" என்றார், இந்த முறை கொஞ்சம் நீளமாக. பிறகு ரோல்ஸை மறுபடி கையில் எடுத்தார்.

அந்த வீட்டில் தபால் கதவிலுள்ள துவாரத்தால் விழும். அடுத்து வந்த நாட்களில் அது விழும் சத்தத்துக்கு மூவரும் பேச்சை நிறுத்தினோம். வதனிக்கு எழும்ப நேரமாகும், குகன் எழும்பவே மாட்டார். ஆகவே நானே போய்ப் பொறுக்கினேன். பீட்சா விளம்பரம், பல் வைத்தியரின் அறிவித்தல், கவுன்சில் குப்பைநாள் மாற்றம். ஒரு நாள் பழுப்பு உறை ஒன்று வந்தது. வதனி அதைப் பிரிக்கும்போது குகன் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அது வதனியின் முழங்காலுக்கான மறுபரிசோதனை நாளை அறிவிக்கும் கடிதம்.

குகன் ஒவ்வொரு காலையும் பொதிகள் ஏற்ற முன்னர் அரசாங்க இணையத்தளத்தில் தன் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார். "ஒன்பது," என்று சொல்லிவிட்டுத்தான் வானை எடுப்பார். வதனி "ஓம்" என்பாள். அந்த ஓம் கேட்குது என்பதா, நம்புறன் என்பதா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் நான் ஊர் திரும்பினேன். இதை எழுதும் இன்று காலையும் வதனியிடமிருந்து செய்தி வந்தது. ஒற்றைச் சொல், ஒன்பது. அந்த அதிகாரி அன்று கருவியில் தட்டியதை அனுப்பினாரா, அழித்தாரா என்பதைக் குகன் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஞாபகப்படுத்தியதாகிவிடும் என்று பயப்படுகிறார். எனக்கும் உறுதிப்படுத்த வழி கிடைக்கவில்லை. அறிக்கை பதிவானதா என்பது இதுவரை தெரியாது.